கதிரொளி பருகும் கண்ணாடி

நீலமலைச் சாரலில், கூடலூரை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் ஸ்ரீமதுரை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்குக் கதிரவன் தென்படுவதே அரிது. ஆயினும் அவ்வட்டாரத்துத் தேயிலைச் செடிகள் தளிர்ப்பதை நிறுத்துவதில்லை. முகில் சிதறவிட்ட ஒளியையும் இலைகள் ஏற்றுக்கொள்கின்றன; சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாகக் கவர்ந்து, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இலையின் இந்தத் தேர்ந்தெடுப்பை ஒரு கண்ணாடியும் செய்யக்கூடும்.

நியோடிமியம் என்னும் அருமண் தனிமம் கலந்த கண்ணாடி இளஞ்செவ்வூதா நிறமாகத் தோன்றும். அது மஞ்சள் ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். அத்தனிமம் நமக்கு அயலானது அன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடல்மணலில் உள்ள மோனசைட்டில் அது அடங்கியுள்ளது. இக்கண்ணாடியிலிருந்து லேசர் ஒளி பிறக்கும் என்பதை 1961 இல் எலியாஸ் ஸ்னிட்சர் மெய்ப்பித்தார். கதிரொளியைக் குவித்தே ஏறத்தாழ 1 வாட் லேசர் ஒளியைப் பெறலாம் என்பதை 1966 இல் சி. ஜி. யங் காட்டினார். அவர் கையாண்டது நியோடிமியம் கலந்த படிகம்.

பிறகு ஏன் கதிரொளி லேசர் பரவலாகவில்லை? பயனுறுதிறனே தடை. கதிரவன் எல்லா நிறங்களையும் பொழிகிறான். நியோடிமியமோ 580, 750, 800 நானோமீட்டரை ஒட்டிய சில குறுகிய பட்டைகளையே பெரிதும் ஏற்கிறது. ஏற்றதும் முழுமையாகப் பயன்படுவதில்லை. 580 நானோமீட்டர் ஒளித்துகளைப் பெற்று 1060 நானோமீட்டரில் வெளியிடும்போது, ஆற்றலில் 45 விழுக்காடு வெப்பமாகிறது. நியோடிமியத்தை மிகுதியாகக் கலந்தால் பயன் கூடுமோ எனில், நெருங்கிய அயனிகள் தம்முள் ஆற்றலைப் பரிமாறி வீணாக்குகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது கண்ணாடிக்கும் பொருந்தும்.

இங்கேதான் ஒளியிழை துணைக்கு வருகிறது. மெல்லியதாய் நீண்டு செல்லும் இழை, தன் பரந்த மேற்பரப்பின் வழியே வெப்பத்தை எளிதில் வெளியேற்றுகிறது. ஒளியைத் தன் உள்ளகத்திலேயே நெடுந்தொலைவு நடத்திச் செல்கிறது. அருமண் கலந்த இழைகளை உருவாக்கும் திறன் கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்திடம் உண்டு.

மற்றொரு தடை முகில். வில்லைகளும் ஆடிகளும் நேர்க்கதிரைக் குவிக்குமேயன்றிச் சிதறிய ஒளியைக் குவிக்க இயலா. இதற்கும் ஒரு வழி புலப்பட்டுள்ளது. ஒளிரும் சாயம் பல நிறங்களை ஏற்று, நியோடிமியம் விரும்பும் நிறமாக மாற்றித் தரும். கதிரொளியை உள்ளே விட்டு ஒளிர்வை எதிரொளிக்கும் மேற்பலக ஆடியாலும், எதிரொளிக்கும் சுவர்களாலும் அவ்வொளி தட்டையான கலத்துள் சிறைப்படும். அங்கே சுருண்டிருக்கும் இழை அதைப் பருகும். ஒளியைக் குவிக்கும் வில்லையின்றி இம்முறையில் லேசர் பிறக்கும் என்பதை, ஜப்பானியர் உள்ளிட்ட ஆய்வுக்குழு 2020 இல் வெளியிட்டது.

கிடைத்த திறன் இன்னும் சிறிதே. எனினும், வெயில் கொளுத்தும் பாலைக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட ஒரு கருவி, முகில் சூழ்ந்த மலைக்கும் ஒருநாள் உரியதாகலாம். சிதறிய ஒளியை வீணென்று தள்ளாத இலையின் இயல்பைக் கண்ணாடியும் கற்கத் தொடங்கியிருக்கிறது. எஞ்சிய பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு, இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போரின் கைகளில் உள்ளது.