வாளை வீசிக் காட்டச் சொல்வதில்லை

நான் முதன்முதலில் உட்கார்ந்த ஆட்ட மேசையில் ஐந்து ஆண்கள், நான் ஒருத்தி. ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேம் மாஸ்டர் என்று ஒருவர் சூழலை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணை அதோடு கூட்ட வேண்டும். கேம் மாஸ்டர் வைத்த இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி.

என் பாத்திரம் ஊர் ஊராகத் திரியும் பாடகி. பேச்சால் எவரையும் வளைத்துவிடுவாள். நானோ நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவள். ‘பொம்பளப் புள்ளைக்கு என்ன வாய்’ என்று கேட்டே வளர்ந்தவள். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு கோட்டை வாசல். காவலனிடம் பேசி உள்ளே போக வேண்டும். பகடையை எடுத்தேன். “இரு, என்ன பேசுவ? பேசிக் காட்டு” என்றார் கேம் மாஸ்டர். திக்கித் திணறி ஏதோ சொன்னேன். சிரித்தார்கள். 15ஆக இருந்த இலக்கை 20 ஆக்கினார். எட்டவில்லை. அடுத்தவன், “கதவை உடைக்கிறேன்” என்றான். எழுந்து இந்த மேசையைத் தூக்கிக் காட்டு என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. உருட்டினான், கதவு உடைந்தது.

அன்று கோபம்கூட வரவில்லை. எனக்குச் சாமர்த்தியம் போதாது என்றே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இந்த ஆட்டத்தை 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டார்கள். சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகளை அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது அது. 1978இல் வந்த விதி நூலில், மனிதப் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு அச்சாகியிருந்தது. டிராகன் பறக்கலாம், செத்தவன் எழலாம், பெண்ணின் புஜம் மட்டும் எதார்த்தமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது! 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

வரம்பு போனாலும் ஆட்டத்தின் கவனம் சண்டை மேல்தான். அதைக் குறை சொல்வதற்காக விதிகளை மறுபடி படித்தபோதுதான், சண்டை எவ்வளவு தாராளமானது என்று கண்டேன். சண்டையில் எல்லோருக்கும் முறை வரும். கூச்சக்காரியையும் தேடி வரும். ஒரு வீச்சு தவறினால் அடுத்த சுற்றில் மறுபடி வீசலாம். அடிபட்டாலும் உயிர்ப்புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். பேசுவதற்கும் தேடுவதற்கும் காயம் கட்டுவதற்கும் அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. ஒரே உருட்டல், தோற்றால் கதவு மூடியது.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஒரு காரியத்தைப் பல திறமை உருட்டல்களாகப் பிரித்து, 3 தோல்வி சேருவதற்குள் 4 வெற்றி வேண்டும் என்பதுபோல் எண்ணிக்கை வைத்தது. நானே கேம் மாஸ்டராகி, ஞாயிறு மதியங்களில் என் வீட்டில் நான்கு பெண்களோடு ஆடத் தொடங்கியபோது அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். முதல் நாளே இடித்தது. நல்ல எண் உள்ள இருவர் மாறி மாறி உருட்டினார்கள். மற்ற இருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “நான் தோத்தா எல்லாருக்கும்தானக்கா கெடுதல்” என்றாள் எங்களில் இளையவள், கல்லூரி மாணவி. என்னைப் போலவே அவளும் பாடகிப் பாத்திரத்தைத்தான் எடுத்திருந்தாள்.

அடுத்த வாரத்துக்கு ஒரு பிரசவக் காட்சியை எழுதினேன். ஆற்றில் வெள்ளம். படகுக்காரர் வீட்டில் தப்பியோடி வந்த ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது. வெளியே அவளைத் தேடும் படை. 3 தோல்வி என்றால் தாய் இறப்பாள் என்று குறித்திருந்தேன். பணயம் பெரிதாக இருந்தால்தான் சண்டைக்கு ஈடாக இருக்கும் என்பது என் எண்ணம். வாசித்து முடித்ததும் ஒரு தோழி பகடையைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கக்கா ரெண்டாவது பிரசவத்துலதான் போனா. இத நான் உருட்ட மாட்டேன்.”

மன்னிப்புக் கேட்டேன். ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றேன். அவள்தான் வேண்டாம் என்றாள். “அவ பொழைக்கட்டும். மத்தத உருட்டலாம்.” வேறு எதை உருட்டுவது? அரை மணி நேரம் டீயோடு அதைத்தான் பேசினோம். முனகல் வெளியே கேட்குமா, விடிவதற்குள் முடியுமா, படகுக்காரரின் மனைவி நாளைக்கு யாரிடமாவது வாய் திறப்பாளா. தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்பது முடிவான பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. பணயத்துக்குச் சாவைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றாமல் போனதே என்பதில் இன்றும் வெட்கம்தான்.

அன்றே வேறு இரண்டையும் மாற்றினேன். சண்டையில் வருவதுபோல் இங்கும் எல்லோருக்கும் முறை வரும்; தோற்றால் கதை நிற்காது, வேறு பக்கம் திரும்பும். இன்னொன்று, யாரும் பேசிக் காட்ட வேண்டாம். என்ன வேண்டும், எதைக் கொண்டு முயல்கிறாள் என்று சொன்னால் போதும்.

ஒருத்தி வெந்நீர் வைத்தாள். ஒருத்தி படகுக்காரரைத் திண்ணையில் உட்காரவைத்து வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பகடையைக் கீழே வைத்த தோழி பிரசவம் பார்த்தாள். அவள் உருட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மாணவியின் முறை வந்தது.

“அவ தாலாட்டுப் பாடுறா. வலி தெரியாம இருக்க. நான் பாட மாட்டேன், அவ பாடுறா.”

“சரி. உருட்டு.”

3 விழுந்தது. அவள் முகம் சுருங்கியது. பாட்டு வெளியே கேட்டுவிட்டது என்றேன். மழையில் வந்துகொண்டிருந்த காலடிகளில் ஒன்று மட்டும் நின்றது. அந்தப் படைவீரனுக்கு அந்தப் பாட்டு தெரியும்.

“அவங்க ஊர்ப் பாட்டா?” என்று கேட்டாள்.

“நீதான் சொல்லணும்” என்றேன். இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.