நட்சத்திரமும் வேலையாட்களும்

துப்பறியும் நாவல் படிப்பதை நாம் இழிவாகக் கருதுவதில்லை. உழைத்துக் களைத்தவர் சிறிது நேரம் தம்மை மறந்திருக்க விரும்பினால், அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், பொழுதுபோக்கு நூலும் தான் பிறந்த சமுதாயத்தின் மதிப்பீடுகளைச் சுமந்தே வருகின்றது.

அகதா கிறிஸ்ரி 1962 இல் வெளியிட்ட 'த மிறர் கிராக்ட் புறொம் சைட் ரு சைட்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்துச் சிற்றூரொன்றிற் குடியேறிய திரைப்பட நடிகை மரினா கிறெக்கின் மாளிகையில் ஒரு வைபவம் நடைபெறுகின்றது. அங்கே, அவளைத் தெய்வமாகப் போற்றும் ஹெதர் பட்கொக் என்ற பெண் நஞ்சருந்தி இறக்கின்றாள். அவள் அருந்தியது நடிகை தனக்கென வைத்திருந்த மது. ஆகவே கொலைகாரன் குறிவைத்தது நடிகையையே என எல்லோரும் எண்ணுகின்றனர். கிறிஸ்ரியின் கதைகளிற் பழகிய வாசகரோ பாதிவழியிலேயே உண்மையை ஊகித்துவிடுவார். எனினும் கதை அலுப்பூட்டுவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், ஜேர்மன் சின்னமுத்துக் கண்டிருந்த ஹெதர் முகத்திற் பூச்சுப் பூசிக்கொண்டு, நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து, நடிகையிடம் கையெழுத்து வாங்கச் சென்றாள். அப்பொழுது கருவுற்றிருந்த நடிகையை நோய் தொற்றிற்று. குழந்தை மூளைக் குறைபாட்டுடன் பிறந்தது. தான் விளைத்த கேட்டை அறியாத ரசிகை, வைபவத்தில் அக்கதையைப் பெருமையுடன் நடிகைக்கே கூறுகின்றாள். நடிகையே அவளுக்கு நஞ்சூட்டுகின்றாள். நட்சத்திர மோகத்தின் குருட்டுத்தன்மையை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

ஆனால் கதையில் இறப்பவள் ஹெதர் மட்டுமல்லள். காரியதரிசி எல்லா சீலின்ஸ்கி நஞ்சினாலும், இத்தாலியப் பட்லர் ஜியுசெப்பே துப்பாக்கிக் குண்டினாலும் மடிகின்றனர். இருவரும் பிறரை மிரட்டிப் பார்த்தவர்கள் என்பது உண்மையே. அதற்குரிய தண்டனை மரணமா? அவர்களுக்காக நாவலில் எவரும் நெடுநேரம் துக்கப்படுவதில்லை. நடிகை முன்னர் மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து, தான் கருவுற்றதும் கைவிட்டாள். அவர்களுள் ஒருத்தி அதே வைபவத்திற் புகைப்படக் கலைஞராக நிற்கின்றாள். அவளுடைய வேதனையோ வாசகரைத் திசைதிருப்பும் பொய்த்தடயமாகவே பயன்படுகின்றது. இறுதியில், உறக்கத்திலேயே உயிர் நீத்த நடிகையின் கட்டிலருகில் நின்று இரங்குமாறு நாம் அழைக்கப்படுகின்றோம்.

நாம் இரங்கவும் செய்கின்றோம். அதுவே ஆசிரியையின் திறமை. நடிகையின் துயரம் பொய்யன்று. ஆனால் அவள் கொன்றவர்களின் துயரமும் பொய்யன்றே! புகழுடையோரின் கண்ணீருக்கு ஓர் அளவுகோல், அவர்களிடம் கூலிபெற்று வாழ்வோரின் உயிருக்கு வேறோர் அளவுகோல் என்பதே நட்சத்திர வழிபாட்டின் சாரம். திரையரங்கிலே தொடங்கும் இப்பழக்கம் அங்கேயே முடிவதில்லை. பத்திரிகையின் முதற்பக்கத்திலும் அதனைக் காண்கின்றோம்.

இந்நாவலை மாணவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். படித்து முடித்ததும், கொலையாளி யாரென்று கேட்பதோடு நிறுத்தாமல், இறந்தவர்களின் பெயர்களையும் ஆசிரியர்கள் கேட்பார்களாக. பட்லரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?