சம்பளம் வாங்காத நடுவர்

பள்ளிப் பிள்ளைகளுக்கான தொழில்நுட்பப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்து, மேலே போயிருக்க வேண்டிய ஒரு குழுவை நான் தடுத்து நிறுத்தினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. யாரிடமும் எதையும் நான் வாங்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் மென்பொருளைச் சோதிப்பதுதான் என் தொழில். ஒரு பொருள் எங்கே உடையும், எப்போது பொய்க் கணக்குக் காட்டும் என்று தேடிக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதற்குத்தான் பல வருடங்களாகச் சம்பளம் வாங்குகிறேன். அந்த வேலையைப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் என் கண் முன்னால் செய்து காட்டினார்கள். அதற்காகவே அவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த மாவட்ட அளவிலான போட்டி அது. பெயர் வேண்டாம், நடத்தியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வேண்டிய வழிகாட்டுதலை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். கல்லூரிக்குப் போகும் வழியில் பேருந்தில் அதை மேலோட்டமாகப் புரட்டியதோடு சரி. அதில் இருந்த மதிப்பீட்டுத் தாள் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியின் தாளை ஒட்டியது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து 1998-ல் உருவாக்கிய போட்டி அது. அங்கே மேசை மேல் ரோபோ ஓடும் ஆட்டம் இரண்டரை நிமிடம். பார்ப்பவர்களுக்கு அதுதான் போட்டி என்று தோன்றும். ஆனால் மொத்த மதிப்பீட்டில் அந்த ஆட்டத்துக்குக் கால்பங்குதான். மீதி முக்கால்பங்கு நடுவர் அறைக்குள் முடிவாகிறது. அந்த அறையில் அமர்பவர்கள் தன்னார்வலர்கள், என்னைப் போன்றவர்கள்.

தாளில் ஐந்து தலைப்புகள்: சிக்கலைக் கண்டறிதல், வடிவமைத்தல், உருவாக்குதல், சோதித்துத் திருத்துதல், எடுத்துச் சொல்லுதல். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை நிலைகள். நான்கு போட்டால், ஏன் போட்டோம் என்று நடுவர் எழுதியாக வேண்டும். நான்காவது தலைப்பைக் கவனியுங்கள். செய்தது சரியாக வரவில்லை, அதை எப்படித் தெரிந்துகொண்டோம், என்ன மாற்றினோம் என்று பிள்ளைகள் சொல்வதற்காகவே ஒதுக்கிய இடம் அது. தோல்வியைச் சொன்னால் மதிப்பெண் உண்டு என்று எழுதியே வைத்த தாள்.

அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்று மாணவிகள் வந்தார்கள். மஞ்சள் காட்டில் மண்ணின் ஈரம் பார்த்து எப்போது தண்ணீர் பாய்ச்சலாம் என்று சொல்லும் கருவி. ஒரு ஆர்டுயினோ பலகை, மண்ணில் குத்திவைக்கும் இரண்டு கால் கொண்ட மலிவான சென்சார், ஒரு சின்ன விளக்கு. அந்த வகை சென்சாரில் ஒரு பெரிய குறை உண்டு. ஈர மண்ணில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் மின்னாற்பகுப்பு நடந்து நேர்மின் பக்கத்துக் கால் அரித்துப்போகும். கால் அரிக்க அரிக்க, அது காட்டும் எண் தன்போக்கில் மாறும். மண் ஈரமாகவே இருக்கும், கருவியோ காய்ந்துவிட்டது என்று சொல்லும்.

இதை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். "முதல்ல சரியாத்தான் காட்டுச்சுங்க சார். அப்புறம் தண்ணி விட்ட மறுநாளே காய்ஞ்சிருச்சுன்னு காட்டுச்சு. பிடுங்கிப் பாத்தா ஒரு கால் மட்டும் கருத்துப் போயிருந்துச்சுங்க சார்" என்றாள் ஒருத்தி. கருவி சொல்வதை நம்புவதா, மண்ணை நம்புவதா என்று தெரிந்துகொள்ள, ஒரு பிடி மண்ணை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, திரும்ப நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். எடை குறைந்த அளவுதான் மண்ணில் இருந்த தண்ணீர். ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் மண்ணை உலர்த்திச் செய்யும் முறையின் அடிப்படையும் இதுதான். அதன் பிறகு, எண்ணைப் படிக்கும் அந்த நொடிக்கு மட்டும் சென்சாருக்கு மின்சாரம் போகும்படி நிரலை மாற்றியிருக்கிறார்கள். அனுபவமுள்ள பொறியாளரும் இதையேதான் செய்திருப்பார். எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில், தேதி வாரியாக, தமிழில் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

"இப்ப சரியா வேலை செய்யுதா கண்ணு?" என்று கேட்டேன்.

"முன்னைக்குப் பரவால்லைங்க சார். ஆனா இன்னும் முழுசா சரியாகலைங்க. மழை பேஞ்சா எண்ணு தாறுமாறா வருது" என்றாள்.

நான் தலையாட்டிவிட்டுத் தாளில் குனிந்தேன். 'சோதித்துத் திருத்துதல்' தலைப்பில் இரண்டு போட்டேன். நோட்டை மேசையில் வைத்தார்கள். நான் திறக்கவில்லை.

அடுத்து வந்தது ஒரு தனியார் பள்ளிக் குழு. செடியின் இலையைக் கைபேசியில் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் செயலி. பேச்சு சரளம், திரையில் ஓடிய காட்சிகள் அழகு, கேள்வி கேட்டால் தயங்காத பதில். துல்லியம் 99 சதவீதம் என்றார்கள். பிளாண்ட்வில்லேஜ் என்ற பொதுப் படத்தொகுப்பைக் கொண்டு பயிற்றுவித்ததாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பில் அந்த எண் வரும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 54,306 படங்களைக் கொண்டு 99.35 சதவீதம் வந்தது. அதே ஆய்வாளர்கள் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது அது 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். பறித்துச் சாதாரணப் பின்னணியில் வைத்துப் படமெடுத்த இலை வேறு. வெயிலும் நிழலும் மண்ணும் பிற இலைகளும் சூழ்ந்த வயல் இலை வேறு.

இது எனக்கு முன்பே தெரியும். வேலையில் இதைப் போன்ற எண்ணை யாராவது கொண்டுவந்தால், எந்தத் தரவில் சோதித்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. அன்று கேட்கவில்லை. நான்கு போட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'துல்லியம் 99%' என்று அவர்கள் திரையிலிருந்தே எடுத்து எழுதினேன்.

முடிவெடுக்கக் கூடியபோது உடன் இருந்த நடுவர், கல்லூரி ஆசிரியை ஒருவர், "அந்தப் பொண்ணுங்க நோட்டை யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். தவறைச் சரிசெய்ய எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது. "கருவியே சரியா வேலை செய்யலையே மேடம்" என்றேன். துறைக்காரர் நான் ஒருவன்தான் என்பதால் அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. மாணவிகளின் தாளில் கருத்து எழுதும் இடத்தில் 'நல்ல முயற்சி. இன்னும் உழைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு ஆண்டு மீண்டும் அழைப்பு வந்தபோது, பழைய குறிப்புத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குழுவின் பெயருக்கு எதிரில் என் கையெழுத்தில் 'அரிப்பு — விட்டு விட்டு மின்சாரம் — எடை பார்த்துச் சோதனை' என்று இருந்தது. பக்கத்திலேயே 2. பிள்ளைகள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். குறிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. எல்லாம் புரிந்து, எழுதியும் வைத்துக்கொண்டு, இரண்டு போட்டிருக்கிறேன்.

ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பிட்டபோது, ஒன்றில் உயர்ந்தவரையே மற்ற எல்லாவற்றிலும் உயர்த்திப் போட்டிருந்தார்கள் என்று அதில் காட்டினார். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு குழுவின் சரளமான பேச்சு ஐந்து கட்டங்களையும் உயர்த்தியது. ஒரு சிறுமியின் "இன்னும் சரியாகலைங்க" ஐந்தையும் இறக்கியது. தமிழ் வழியில் படித்து வந்தவன் நான். கல்லூரி நேர்முகத் தேர்வில் தடுமாறிப் பேசியதற்காக மதிப்பிடப்பட்டது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன். அந்த நினைவு அன்று எனக்கு உதவவில்லை.

ஆனால் இதை மனித மூளையின் பொதுப் பலவீனம் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அலுவலகத்தில் இதே மூளையோடுதான் வேலை செய்கிறேன். அங்கே இப்படி நடப்பதில்லை. அங்கே என் தீர்ப்புக்குக் கணக்குக் கேட்க ஆள் உண்டு. இங்கே நான் தொண்டு செய்ய வந்தவன். சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறேன், இதற்கு மேல் என்னிடம் என்ன எதிர்பார்ப்பது என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. வழிகாட்டியைப் படிக்காததும், நோட்டைத் திறக்காததும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததும் அந்த ஒரே எண்ணத்தின் பிள்ளைகள். கொடுத்தது என் நேரம். அதனால் அதன் தரத்தை யாரும் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாணவிகளும் தங்கள் நேரத்தைத்தான் கொடுத்தார்கள். பள்ளி முடிந்த மாலைகளை, விடுமுறைகளை. அவர்கள் கொடுத்ததை எடைபோட உட்கார்ந்தவன் தான் கொடுத்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தான்.

பரிசு போனதைவிட அவர்கள் அன்று கற்றுக்கொண்டிருக்கக் கூடிய பாடம்தான் என்னைக் கலங்கவைக்கிறது. உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறையும். அடுத்த முறை 'நன்றாக வேலை செய்கிறது சார்' என்று சொல்லிவிட வேண்டும். செயலி செய்த பிள்ளைகளுக்கும் நான் நல்லது செய்யவில்லை. வயலில் சோதித்தீர்களா என்ற ஒரு கேள்வி அவர்களை அடுத்த படிக்கு ஏற்றியிருக்கும். அது கிடைக்காமல், கோப்பையோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு குழுவுக்கும் சேர்த்தே நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் குழுவின் சோதனை முறை ஏன் சரியானது, மழையில் எண் மாறுவதற்கு எங்கே தேடலாம், மின்தேக்க முறையில் இயங்கும் சென்சார் ஏன் அரிக்காது என்று விவரமாக எழுதி, அன்றைய மதிப்பெண் என் தவறு என்பதையும் சேர்த்தேன். அன்று தாளிலேயே இருந்திருக்க வேண்டிய வரிகள் அவை. ஒரு வருடம் தாமதமான நியாயத்தை நியாயம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மறு ஆண்டு அழைப்பை ஏற்பதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகும் வரச் சொன்னதால் போனேன். இப்போது எந்தக் குழுவிடமும் முதலில், "எது சரியா வரலை?" என்றுதான் கேட்கிறேன். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்பவர்களுக்கு அந்த நான்காவது தலைப்பில் உரிய மதிப்பெண்ணைப் போட்டு, காரணத்தை என் சொந்த வார்த்தையில் எழுதுகிறேன். நோட்டு இருந்தால் திறக்கிறேன். நேரம் போதவில்லை என்றால் குழுக்களைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளிப் போட்டிக்கும் நாளை உங்களை நடுவராகக் கூப்பிடக்கூடும். இலவசமாகச் செய்வதால் இந்த வேலையில் பாதி செய்தால் போதும் என்று தோன்றினால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் உண்மையைக் கேட்டு அதற்குப் பரிசு கொடுக்க முடியாத நடுவர் அங்கே இல்லாமல் இருப்பதே மேல். அன்று நான் போகாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது போனவன் முழுதாக வேலை செய்திருக்க வேண்டும்.