பெருநாள் ரைட் போகும் தம்பிமாருக்கு: ஹெல்மட் பற்றி



பெருநாள் நெருங்க நெருங்க என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "சேர், அம்பாறையால மஹியங்கனை போய் 18 வளைவு ஏறப் போறோம், எந்த ஹெல்மட் எடுக்கலாம்?" கூடவே ஒரு படமும் வரும். முன்னுக்குக் கூரை மாதிரித் தட்டு நீட்டிக்கொண்டு, தாடைப் பக்கம் கூராக இருக்கும் 'அட்வென்ச்சர்' ஹெல்மட். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். வாப்பாமாரும் உம்மாமாரும் வாசித்தால் நல்லது.

மகன்மாரே, பிராண்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் உங்கள் தலையைப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் படித்த ஒரு பிள்ளை ஹெல்மட் போட்டபடிதான் விழுந்தான். பட்டியும் பூட்டித்தான் இருந்தது. ஆனால் அது அவனுடைய காக்காவின் ஹெல்மட், அவன் தலைக்குப் பெரிது. பைக் சறுக்கியதும் முதலில் ஹெல்மட் கழன்றது, அதற்குப் பிறகுதான் தலை ரோட்டில் அடிபட்டது. அந்த ஹெல்மட்டில் பெரிய கீறல் கூட இல்லை. கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தவன், இன்று கடைக்குப் போய் நின்றுகொண்டு, என்ன வாங்க வந்தேன் என்று உம்மாவுக்குக் கோல் எடுத்துக் கேட்கிறான்.

ஹெல்மட் உயிர் காக்கும் என்பது வெறும் பேச்சில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, ஹெல்மட் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது. ஆனால் அடிபடும் நேரத்தில் அது தலையில் இருந்தால்தானே காக்கும்.

உள்ளே இருப்பது என்ன தெரியுமா? மீன் பெட்டி செய்கிற ரெஜிபோமின் இனம்தான், அதை விட அடர்த்தியாகச் செய்தது. வெளி ஓடு அடியைப் பரப்பும், ரெஜிபோம் நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும். ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. அதனால்தான் விழுந்த ஹெல்மட்டைத் திரும்பப் போடக் கூடாது, வரலாறு தெரியாத பழைய ஹெல்மட்டை வாங்கவும் கூடாது.

இனி அளவு. தையல்காரரின் அளவு நாடாவை எடுத்து, புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலால், பின்தலையில் ஆகப் புடைத்த இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். 57, 58 சென்ரிமீற்றர் என்றால் பெரும்பாலும் 'மீடியம்', 59, 60 என்றால் 'லார்ஜ்'. பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும், அதனால் அந்தந்தப் பிராண்டின் அட்டவணையைப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் சிலருக்குப் பொருந்தாது. காரணம் தலையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலருடைய தலை நீளம், சிலருடையது உருண்டை. நெற்றியில் மட்டும் குத்தி, பக்கங்களில் இடைவெளி இருந்தால் உங்கள் தலை அந்த ஹெல்மட்டை விட நீளம். பொட்டுப் பக்கம் நசுக்கி, நெற்றியில் விரல் நுழைந்தால் உங்கள் தலை அதை விட உருண்டை. இரண்டுக்கும் பெரிய சைஸ் மருந்தில்லை. வேறு மொடல்தான் பார்க்க வேண்டும்.

கடையில் வெட்கப்படாமல் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே தள்ளப்பட வேண்டும். மென்று பார்த்தால் கன்னத்தின் உட்சதை பல்லில் படும் அளவுக்கு இறுக்கம் இருந்தால் நல்லது. பஞ்சு பாவிக்கப் பாவிக்க இளகும். புதிதில் 'சொகுசாக' இருப்பது நாளைக்கு ஆடும்.

2. ஹெல்மட்டைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். கன்னத் தோலும் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மட் மட்டும் தனியாகச் சுற்றினால் வேண்டாம்.

3. பட்டியைப் பூட்டி, தலையைக் குனியுங்கள். பின் விளிம்பைப் பிடித்து முன்னுக்கு உருட்டிக் கழற்றச் சொல்லிக் கூட்டாளியிடம் கேளுங்கள். கழன்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பிள்ளையிடம் யாராவது இந்த ஒன்றைச் செய்து பார்த்திருந்தால் போதும்.

4. இருபது நிமிடம் போட்டபடி கடையிலேயே நில்லுங்கள். ஓர் இடத்தில் மட்டும் வலித்து, கழற்றியதும் அங்கே சிவந்திருந்தால், மலை ஏறும் முன்பே தலைவலி வந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு சோதியுங்கள்.

அந்த முன் தட்டு தேவையா? பின்னேரம் கல்முனையிலிருந்து அம்பாறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அப்போது தட்டு உதவும். பாணமையிலிருந்து குமண போகும் கிரவல் ரோட்டிலும் அது நல்லது. நீண்ட தாடையும் அகன்ற முகவாசலும் மூச்சுக்கும் புழுதிக் கண்ணாடிக்கும் இடம் கொடுக்கும். ஆனால் வேகமாகப் போனால் தட்டில் காற்றுப் பிடித்துத் தலையைத் தூக்கும், பக்கம் திரும்பினால் கழுத்தை இழுக்கும். ஒழுங்காக அளவு பொருந்தாத ஹெல்மட்டில் இந்தத் தட்டு இன்னும் வில்லங்கம், ஏனென்றால் காற்று அதைப் பிடித்தே ஹெல்மட்டை ஆட்டும். நாளாந்தம் பாடசாலைக்கும் கடைக்கும் ஓடுகிறவர்களுக்குச் சாதாரண முழுமுக ஹெல்மட் போதும். தட்டைக் கழற்றக்கூடிய மொடல் என்றால் இரண்டுக்கும் ஆகும்.

ஸ்கூட்டி ஓடும் ஆசிரியைமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். பின்னால் பெரிய கொண்டை இருந்தால் ஹெல்மட் முன்னுக்குச் சரிந்து கண்ணை மறைக்கும். உள்ளே ஊசி குத்தாதீர்கள், விழுந்தால் அதுவே காயம். மெல்லிய உட்தொப்பியோடு தாழ்வாக முடியைக் கட்டி, அதே ஸ்காஃப்போடு கடைக்குப் போய் அளவு பாருங்கள். பின்னால் ஏற்றிப் போகும் பிள்ளைக்கும் பிள்ளையின் அளவில் ஒன்று வேண்டும். வாப்பாவின் ஹெல்மட் பிள்ளையின் தலையில் வெறும் சட்டி.

தரமுத்திரை பாருங்கள். எங்கள் நாட்டு எஸ்.எல்.எஸ். இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் என்றால் பட்டியில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் இலக்கமும் தைத்திருக்கும், அது ஐரோப்பிய முத்திரை. அதில் 22.06 என்பது புதியது, சாய்வாக விழும் அடியையும் அதில் சோதிக்கிறார்கள். அமெரிக்க 'டொட்' முத்திரையைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் ஒட்டுவது. சும்மா ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

பைக்குக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள். ஹெல்மட் எடுக்க ஒரு பின்னேரம் செலவழியுங்கள், ஒன்லைனில் படம் பார்த்து ஓடர் போடாதீர்கள்.

அளவு நாடா என் மேசை லாச்சியில் இருக்கிறது. பாடசாலை விட்டதும் வாருங்கள், இரண்டு நிமிட வேலை. பயணம் போய் நல்லபடியாக வீடு வந்து சேர அல்லாஹ் துணை செய்வானாக.