லாரிகள் போகும் மலைக்கு அடியில்

லாரி ட்யூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியபோது அப்பாவின் நினைவு வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி என்னை நீச்சலுக்கு விட்டவர் அவர். அந்தக் கிணற்றில் அண்ணாந்தால் வட்டமாக வானம் தெரியும். இங்கே தலைக்கு மேலே பாறை. நாலு கை வீசி நீந்தியதும் முதுகுப்பக்கம் இருந்த பகல் வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பலாகி, இல்லாமலே போனது. தலைவிளக்கின் வட்டத்துக்குள் கறுப்புத் தண்ணீர் மட்டும்தான்.

"கொங், சுவரைத் தொட்டுக்கொண்டே வாருங்கள்" என்று முன்னால் நீந்திய வழிகாட்டி திரும்பிச் சொன்னார். காசி, ஜைந்தியா மலைகளில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல் 'கொங்'. நம் 'அக்கா' போல. ஆண்களை 'பா' என்பார்கள். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. நான்கு நாளும் அவரை நான் 'பா' என்றேதான் கூப்பிட்டேன்.

இடம் மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலை மாவட்டத்தில் இருக்கும் லும்ஷ்னோங். அங்கே 'க்ரெம்' என்றால் குகை, 'உம்' என்றால் தண்ணீர். க்ரெம் கோட்சாத்தி, க்ரெம் உம்லாவன் எனத் தனித்தனிப் பெயர் கொண்ட குகைகள் உள்ளே ஒன்றாக இணைந்து 21 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. ஒரு காலத்தில் இந்தியாவிலேயே நீளமான குகை இதுதான். பிறகு இதே மாவட்டத்தின் ஷ்னோங்ரிம் பக்கம் அளக்கப்பட்ட லியட் ப்ராஹ் இதை முந்தியது. 1992 முதல் உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டுக் குகையாளர்களும் சேர்ந்து ஒவ்வொரு கோடைக்கு முன்பும் இம்மலைகளை அளந்து வருகிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகளில் நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பாதைகள் தாளில் ஏறியிருக்கின்றன.

என்னை இங்கே இழுத்து வந்தது அந்த 'அளத்தல்'தான். அப்பா அரசு நில அளவையர். சங்கிலியும் கம்புமாக வயல் வரப்புகளில் நடந்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அவர் புலப்படம் வரைவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பழந்தமிழில் குகைக்கு எத்தனை சொற்கள்! முழை, விடர், பிலம், அளை. அதில் 'அளை' என்ற சொல்லை 'அள' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு. இலக்கணப்படி இரண்டுக்கும் உறவு உண்டா என்பது வேறு விஷயம்.

நாங்கள் போனது பிப்ரவரியில். மழை தொடங்கிவிட்டால் இந்தக் குகைக்குள் யாரும் கால் வைப்பதில்லை. ஏன் என்பது முதல் குளத்தைத் தாண்டி ஆற்றுப்பாதைக்குள் நுழைந்ததும் விளங்கியது. பா விளக்கை மேலே திருப்பிக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே மூன்றாள் உயரத்தில், பாறை இடுக்கில் ஒரு மூங்கில் குறுக்காகச் சிக்கியிருந்தது. பக்கத்தில் மக்கிய இலைகள், ஒரு பிஸ்கட் உறை. ஆடி ஆவணியில் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. இப்போது முழங்காலளவு ஓடும் ஆறு அப்போது கூரையையே உரசியிருக்கும்.

அந்த ஆறுதான் இந்தக் குகையைத் தோண்டியதும். இந்தச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் காலணா அளவில் வட்ட வட்டமாகத் தடம் தெரியும். நம்முலைட் என்னும் கடல் உயிரின் ஓடுகள் அவை. எகிப்தின் பிரமிடுக் கற்களிலும் இதே இனத்து ஓடுகள் உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிவிடுகிறது. அது கல்லின் விரிசலில் புகுந்து துளித்துளியாகக் கல்லைக் கரைக்கிறது. உலகிலேயே அதிகம் மழை பெய்யும் மலைத்தொடரில் சுண்ணாம்புக்கல்லும் அமைந்துவிட்டால் மலை உள்ளே பொத்தலாகத்தான் இருக்கும்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த வேலை, முன்பு அளக்காமல் விட்டுவைத்த ஒரு கிளையை அளப்பது. ஒருவர் முன்னால் போய்ப் பாறையில் ஒரு புள்ளியைத் தேர்ந்து விளக்கைப் பிடிப்பார். இன்னொருவர் பின்னாலிருந்து லேசர் கருவியால் தூரம், திசை, சரிவு மூன்றையும் படித்துச் சொல்வார். நான் எழுத வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் இடப்பக்கச் சுவர் எவ்வளவு தூரம், வலப்பக்கம் எவ்வளவு, கூரை எவ்வளவு உயரம், தரை எவ்வளவு ஆழம் என்பதையும் குறிக்க வேண்டும். நனையாத தாள், பென்சில். படித்துச் சொன்ன எண்ணை நான் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஏழு எட்டாகக் கேட்டுவிட்டால் வரைபடம் வேறு மலைக்குள் போய்விடும். அப்பாவும் சங்கிலி பிடிப்பவர் சொல்லும் கண்ணிக் கணக்கை இப்படித்தான் திருப்பிச் சொல்வார். எதற்கு வீணாக என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன்.

இருபதாவது புள்ளிக்குப் பிறகு கூரை இறங்கத் தொடங்கியது. குனிந்தோம், மண்டியிட்டோம், பிறகு சரளையில் முழங்கை ஊன்றித் தவழ்ந்தோம். கடைசியில் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மல்லாந்து படுத்து, மூக்கு மட்டும் காற்றில் இருக்க, கையால் கூரையைத் தள்ளித் தள்ளிப் பின்னோக்கி நகர வேண்டும். ஹெல்மெட் பாறையில் உரசும் சத்தம் மண்டைக்குள் கேட்கிறது. முன்னால் போனவர் காலை அசைத்தாலே அலை வந்து வாயில் புகுந்துவிடும். அதனால் ஒருவர் அப்பால் போய்ச் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் போகலாம். பா முதலில் போனார். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குள் பென்சிலை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேனோ தெரியவில்லை. குரல் வந்தது. நான் போனேன். நடுவில் ஒரு முறை நெற்றி பாறையில் இடித்து நின்றபோது, எனக்கு மேலே இருப்பது ஒரு மலை முழுக்க என்பது உடம்புக்கே தெரிந்தது. அடிவயிறு கல்லாகிவிட்டது. மூச்சை மெதுவாக விட்டுக் கையை மட்டும் நகர்த்தினேன்.

அப்பால் போனதும் கூரை காணாமல் போனது. விளக்கை உயர்த்தினால் வெளிச்சம் எதிலும் படவில்லை. சுவரோரம் கல் விழுதுகள் வெள்ளையாக, இன்னும் ஈரமாக. தேங்கிய தண்ணீரில் விரல் நீளத்தில் வெளிறிய மீன்கள், விளக்கைக் கண்டு விலகாமல் நின்றன. இந்த ஜைந்தியா மலைகளில் உம் லடாவ் குகைக்குள் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வளரும் குகை மீன் ஒன்று உண்டு. நிலத்தடியில் வாழும் மீன்களில் அறியப்பட்டவரை அதுதான் பெரியது. 2023இல் அதற்கு இம்மண்ணின் ப்னார் மக்களின் பெயரையே வைத்து நியோலிசோகைலஸ் ப்னார் என்றார்கள். கெண்டைக் குடும்பம்தான். பாபநாசம் படித்துறையில் பொரியைப் போட்டதும் மொய்க்கும் மீன்களின் தூரத்து உறவு, கண் வேண்டாத இருட்டுக்குள்.

சரளைக் கரையில் உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரித்தோம். பா இடுப்புப் பையிலிருந்து குவாய் எடுத்து நீட்டினார். பச்சைப்பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. நம் தாம்பூலம்தான், ஆனால் பாக்கு ஈரமாக இருப்பதால் காதெல்லாம் சூடேறும். குளிருக்கு அது இதமாக இருந்தது. மென்றுகொண்டே அவர் "க்சான்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

க்சான் இதே மாவட்டம். 2018 டிசம்பர் 13 அன்று அங்கே சுமார் 370 அடி ஆழ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. குறைந்தது 15 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தும் ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. எலிவளை போலக் குடைந்து கரி எடுக்கும் அந்த முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014லேயே தடை செய்திருந்தது. நாங்கள் ஆளுக்கு மூன்று விளக்கு, ஹெல்மெட், மாற்றுத் துணி எல்லாம் வைத்துக்கொண்டு, வானிலை பார்த்து, எந்த நேரத்துக்குள் வெளியே வருவோம் என்று ஊரில் சொல்லிவிட்டு இறங்கியவர்கள். அவர்கள் அடுத்த கையளவு பாறைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறதா என்று அறிய எந்தப் படமும் இல்லாமல் குப்புறப் படுத்துக் குடைந்தவர்கள். அந்தச் சரளைக் கரையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மடியிலிருந்த எண்கள் எழுதிய தாள் அதுவரை ஒரு சாகசத்தின் குறிப்பாக இருந்தது. அதன் பிறகு அதை அப்படி நினைக்க முடியவில்லை.

இருபத்தாறாவது புள்ளியில் கூரை தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டது. மேற்கொண்டு போக முக்குளிக்கும் கருவி வேண்டும். ஆறு மட்டும் அந்தப் பாறைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. திரும்பினோம். அதே தாழ்ந்த கூரை, அதே குளம். வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாலையில் சிமென்ட் லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. தூசு படிந்த இலைகள் இந்த ஊரில் எல்லா மரத்திலும் உண்டு. சிமென்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லும் குகைகள் இருக்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒன்றே. இந்த மலையிலிருந்து இறங்கும் லூகா ஆறு குளிர்காலத்தில் செத்த நீலமாக மாறுவதை வரும் வழியில் பாலத்தில் நின்று பார்த்திருந்தேன். அந்த நிறத்தை அழகு என்று படமெடுத்துப் போகிறவர்களும் உண்டு. நீலம் ஏறும் காலத்தில் அதில் மீன் பிழைப்பதில்லை.

ராத்திரி தங்குமிடத்தில் கட்டத்தாளை விரித்து அன்றைய எண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோட்டால் இணைத்தோம். அன்று முழுக்கப் பட்ட பாட்டுக்கு, தாளில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோணல் கோடு. ஆறு தண்ணீருக்குள் மறைந்த இடத்தில் குகை வரைபட வழக்கப்படி ஒரு கேள்விக்குறி போட்டேன். பா அதன் மேல் விரலை வைத்து, "கொங், இதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது?" என்றார்.

ஊரின் தரைப்படத்தை எடுத்து வந்து அளவு பொருத்தி, குகைத்தாளை அதன் மேல் வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தோம். கோடு சாலையோரமாகப் போய், பாக்குத் தோப்பு ஒன்றைத் தாண்டி, மலைச்சரிவில் நின்றது. அங்கே கல் உடைக்கும் குழியின் விளிம்பு. பா எதுவும் சொல்லவில்லை. பென்சிலை வாங்கிக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில், அவர் மொழியில், சிறிய எழுத்தில் 'உம்' என்று எழுதினார்.