அக்காவோடு போடிமெட்டுக்கு ஒரு பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவை என் ஸ்ப்ளெண்டரில் பின்னாடி உட்கார வைத்து போடிமெட்டுக்குப் போய் வந்தேன். இதில் எழுத என்ன இருக்கு என்று கேட்பீங்க. அக்காவுக்கு அறுபது வயசு. இருபத்தஞ்சு வருசமா அந்த ரோட்டு வழியாத்தான் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருது. ஆனா அந்த ரோட்டை அக்கா பார்த்ததே இல்லை.

பார்க்க முடியாது. விடியக்காலம் நாலரைக்கெல்லாம் ஜீப் எங்க பொட்டிபுரத்துக்குள்ள வந்து ஹாரன் அடிக்கும். ஏறினால் ராசிங்கபுரம், சிலமலை, போடி, முந்தல் என்று எல்லாம் இருட்டில்தான். முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பிக்கும்போது பாதிப் பேர் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்கிடுவாங்க. சாயங்காலம் திரும்பும்போது வெளிச்சம் இருக்கும். ஆனா தலைக்கு மேல் தார்ப்பாய், நாலு பக்கமும் ஆள். எதிரே உட்கார்ந்திருக்கிறவங்க முழங்கால்தான் தெரியும்.

நீங்க மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூட்டமா பைக்கில் வருவது இந்த ரோட்டைப் பார்க்கத்தான். எனக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. எனக்கும் அந்த ரோட்டில் வண்டி ஓட்டப் பிடிக்கும். போடியிலிருந்து மெட்டு 26 கிலோமீட்டர். அதற்குள் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். கீழே வேர்த்து வழிந்த சட்டை புலியூத்து தாண்டினால் காய்ந்துவிடும், இன்னும் நாலு வளைவு ஏறினால் குளிர் காதைப் பிடிக்கும். கொச்சியிலிருந்து தொண்டி வரை போகிற தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான். பழைய ஆட்கள் இன்னும் 49 என்றே சொல்வாங்க.

மழை விஷயத்தில் மட்டும் வெளியூர்க்காரங்க ஏமாந்துபோவாங்க. ஆனி, ஆடியில் எங்க பக்கம் வெறும் காத்துதான் அடிக்கும். மாட்டுக்கு வைத்த வைக்கோலைத் தூக்கிட்டுப் போற காத்து. மேகம் மலை உச்சியில் நின்னு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். போடியில் வெயிலைப் பார்த்து மழைக்கோட்டு இல்லாமல் ஏறுகிறவங்க மெட்டுக்குப் போய்ச் சேரும்போது தொப்பலா நனைந்து நிற்பாங்க. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போ இந்தப் பக்கம் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் ரோட்டில் விழும். அந்த ரெண்டு மாசம் மழை நாளில் வராமல் இருப்பது நல்லது.

எனக்கு இந்த ரோடு பாடம் சொல்லிக் கொடுத்தது 25 வயசில். மச்சான் வண்டியை வாங்கிக்கொண்டு பூப்பாறை வரை போயிட்டுத் திரும்பினேன். அப்போ எங்க செட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெட்டில் இஞ்சினை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் போட்டு, முந்தல் வரை சும்மா உருட்டிக்கொண்டே வருவோம். பெட்ரோல் மிச்சம் என்று அதில் ஒரு பெருமை வேற. வண்டி வேகம் எடுக்க எடுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கணும். டிரம் சூடாகி, லைனரும் சூடாகி, கடைசியில் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. ஏழாவது, எட்டாவது வளைவு பக்கம் எனக்கு அதுதான் நடந்தது. கால் முழுசா இறங்குது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து ஓடையில் கொண்டுபோய் விட்டேன். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. மச்சானிடம் ஆடு குறுக்கே வந்தது என்று சொன்னேன். இதைப் படித்தால்தான் அவருக்கே உண்மை தெரியும்.

அன்னிக்கு என்னைத் தூக்கிவிட்ட லாரி டிரைவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. அப்படி இறங்கினால் வண்டியை இஞ்சினே பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு பிரேக்கை லேசா தொட்டால் போதும். இன்னிக்கு டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் வந்துவிட்டது. ஆனா சூடு சூடுதான்.

இனி அக்கா விஷயம். போன ஐப்பசியில் நல்ல காய் எடுப்பு நேரம். சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஜீப் இறங்கி வந்துகொண்டிருக்கு. கீழிருந்து ஏழெட்டு பைக் வரிசையா ஏறி வருது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விடணும். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலும் அப்படித்தான் இருக்கு. சுமையோடு ஏறுகிற வண்டியை நடுச் சரிவில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கஷ்டம் அல்லவா. ஜீப்காரரும் வேகத்தைக் குறைத்துவிட்டார். ஆனா மூணாவதாக வந்த தம்பி வளைவை உள்பக்கமாக வெட்டி, ஜீப் வருகிற பக்கத்துக்கே வந்துவிட்டான். அவனை மோதாமல் இருக்க ஜீப்பை மலைப்பக்கம் ஒடித்தார். சுவரில் உரசி நின்றது. உள்ளே இருந்தவங்க ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தாங்க. அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மற்றவங்களுக்குச் சிராய்ப்புதான்.

பைக் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள், ஓடிவிடவில்லை. அதில் ஒருத்தன் "ஜீப்ல இத்தனை பேரை ஏத்தினா எப்படிங்க?" என்று கேட்டான். கேட்டவிதம் பிடிக்கவில்லை, ஆனா கேள்வியில் தப்பில்லை. நம்ம ஜீப்களில் ஏற்றுகிற ஆள் கணக்கு எல்லாருக்கும் தெரியும். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாலு பேர். ஒரு நடைக்கு எத்தனை தலை என்பதில்தான் ஜீப்காரர் பிழைப்பும் இருக்கு. விபத்து நடந்தால் நாலு நாள் சோதனை போடுவாங்க, அஞ்சாம் நாள் பழையபடிதான். மெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு வரை 42 கிலோமீட்டர் ரோட்டை நல்லா அகலமாக்கி வச்சிருக்காங்க. அந்த ரோட்டில் வருகிற வேகத்திலேயே நம்ம குறுகல் ரோட்டிலும் இறங்குகிறவங்களை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன்.

வளைவை வெட்டின தம்பி மட்டும் ஆஸ்பத்திரி வரை கூட வந்தான். ராத்திரி பத்து மணி வரை இருந்தான். எக்ஸ்ரேக்கு, மாவுக்கட்டுக்கு அவனே பணம் கட்டினான். நான் திட்டலாம் என்று நினைத்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. ஆனா கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த மூணு மாசக் கூலியை யாரும் கட்ட முடியாது. ஏலக்காயைக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, செடி அடியில் ஒவ்வொரு காயாகக் கிள்ளணும். கட்டுப் பிரித்த பிறகும் அக்காவுக்கு விரல் பிடிக்கவில்லை. அந்த வருசத்துக் காய் எடுப்பு அதோடு போச்சு.

ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கையை மடக்கி நீட்டிக்கொண்டே அக்கா கேட்டது: "ஏன்டா, இந்தப் பிள்ளைகள்லாம் எம்புட்டோ தூரத்துலருந்து வந்து அங்க அப்படி என்னத்தப் பாக்குதுக?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சரி, வா காட்டுறேன் என்று சொன்னேன்.

மாசி மாசம் என்பதால் வானம் துலக்கமா இருந்தது. ரெண்டாவது கியரில், அவசரமில்லாமல் ஏறினேன். அக்கா என் தோளைப் பிடித்த பிடி முந்தல் தாண்டியும் இளகவில்லை. பாதி மலையில் ஒதுக்குப்புறமா அகலம் இருந்த இடத்தில் நிறுத்தினேன். கீழே போடி ஊர், தென்னந்தோப்பு, கண்மாய்த் தண்ணி எல்லாம் படம் போட்டது மாதிரி கிடந்தது. அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "நம்ம ஊரு எங்கடா?" என்றது. மலை மறைக்குது, தெரியாது என்றேன். "இதுக்குத்தான் காது அடைக்குமா? நான் ஏதோ காய்ச்சல்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றது.

மெட்டு டீக்கடைக்காரருக்கு அக்காவைத் தெரியும். "என்னக்கா, ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்று கேட்டார்.

"வேடிக்கை பாக்க வந்தேன்" என்றது அக்கா. காசை அதுவே கொடுத்தது.

இறங்கும்போது அந்த வளைவில் நிறுத்தச் சொன்னது. சுவரில் ஜீப் உரசின பச்சைப் பெயிண்ட் இன்னும் இருந்தது. அக்கா இறங்கிப் போய் அதைத் தொட்டுப் பார்த்தது. அப்புறம் ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்துவிட்டு, "இம்புட்டு இடம் கிடந்துச்சா?" என்றது. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கவாத்து வேலைக்கு ஜீப் வரும், சீக்கிரம் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கணும் என்றது.