உம்மம்மாவின் கதவு

ராத்தாவின் கலியாணத்துக்காகப் போன வருடம் எங்கள் பழைய வீட்டை உடைத்தோம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் வழக்கம். உம்மம்மாவின் உம்மாவுக்காகக் கட்டப்பட்ட அந்த வீடு, உம்மம்மாவுக்கும் பிறகு உம்மாவுக்கும் வந்து, இப்போது ராத்தாவின் முறைக்கு வந்திருந்தது. ஓடுகளும் கைமரங்களும் யன்னல்களும் கதவுகளும் முற்றத்தில் குவிந்து கிடந்தன.

பழைய கதவு வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்தார். சுற்றுலா ஹோட்டல்களுக்கு இப்படிப்பட்ட கதவுகள் தேவைப்படுகின்றனவாம். உள்ளறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல முதிரை" என்றார். அதற்கு மட்டும் 12,000 ரூபா தருவதாகச் சொன்னார். கலியாண வீட்டில் அது சின்னக் காசில்லை. வாப்பா சம்மதிக்கப் போனார்.

எனக்கோ படிக்க மேசை இல்லை. இரசாயனவியல் புத்தகத்தைக் கட்டிலில் விரித்துவைத்துக் குனிந்து எழுதி எழுதி முதுகு நோகும். "வாப்பா, அந்தக் கதவை மேசையாக அடித்துத் தாங்களேன்" என்று கேட்டேன். அதோடு, அது உம்மம்மாவின் கதவு, அதை விற்கலாமா என்றும் சொல்லிவைத்தேன். உம்மம்மா என் பக்கம் நிற்பார் என்றுதான் நினைத்தேன்.

உம்மம்மா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "அந்தக் கதவ வெச்சி என்ன செய்யப்போறாய் புள்ள? என்னைப் பூட்டி வெச்ச கதவு அது. குடுத்துப்போடச் சொல்லு" என்றார்.

அன்றிரவு உம்மாதான் விளக்கினார். 1964இல், 12 வயதில், குமராகிவிட்டார் என்று உம்மம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது யாருக்கும் புதினமாகப் படவில்லை. கலியாணம் முடிகிற வரைக்கும் அந்த அறைதான் அவருக்கு உலகம். வெளியாட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். பலகைகளுக்கு இடையில் இருந்த நீக்கலால், கூடப் படித்த பிள்ளைகளின் தம்பிமார் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். இத்தனை வருடங்களில் உம்மம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நினைவுச்சின்னம் என்று நான் ஆசைப்பட்டது அவருடைய சிறைக்கதவு. எனக்கு வெட்கமாகிவிட்டது.

விற்கட்டும் என்று வாப்பாவிடம் சொல்வதற்காகக் காலையில் முற்றத்துக்குப் போனேன். கதவு உட்புறம் மேலே தெரியக் கிடந்தது. வெளிப்புறம் நீலப் பெயின்ட் பூசியது. உட்புறம் வெறும் மரம். கீழ்ச் சட்டத்துக்கு மேலே ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. அரபு எழுத்து. ஓதிப் பார்த்தேன், அரபு இல்லை. இன்னொருமுறை எழுத்துக் கூட்டினேன். "பாய்" என்று வந்தது! அதன் பக்கத்தில் ஐந்தைந்தாகக் கோடுகள்.

அது அரபுத்தமிழ். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் நூல்கள் எழுதிய அந்த எழுத்தை நான் தமிழ்ப் பாடத்தில் பெயரளவில்தான் அறிந்திருந்தேன். உம்மம்மாவோ ஓதப்பள்ளியில் கற்றதைக் கொண்டு கணக்கு எழுதியிருக்கிறார். கலியாணத்துக்குப் பிறகும் அதே அறையில் உட்கார்ந்துதான் பன்பாய் இழைத்தாராம். எத்தனை பாய் போனது, யார் காசு தரவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கதவில் இருந்தது. உம்மா சாதாரண தரம் வரைக்கும் படித்த காலத்தில் பஸ்ஸுக்கும் கொப்பிக்கும் அந்தப் பாய்க்காசுதான் உதவியது.

இதை உம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கணக்கு மறந்துபோகுமே எண்டு கீறினது" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கதவா வெக்காட்டி எனக்குக் காரியமில்ல. மேசையெண்டால் அடிச்சிக்க" என்றார்.

ஓடாவி வந்தார். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசு மூச்சோடு போனால் நஞ்சு. அதனால் கொரோனாக் காலத்து முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, கதவை நனைத்து நனைத்து நானே சுரண்டினேன். கழுவிய அழுக்கைக் கிணற்றடிக்குப் போகாமல் வாளியில் சேர்த்தேன். மூன்று நாள் பிடித்தது. ஓடாவி பிணைச்சலையும் நாதாங்கியையும் கழற்றினார். சாரலில் உளுத்திருந்த அடிப்பக்கத்தை இரண்டங்குலம் அறுத்தெடுத்தார். நீக்கல்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். நீலம் போன பக்கத்தைச் சீவுளியால் சீவியபோது, உள்ளேயிருந்து மஞ்சள் மரம் மினுங்கிக்கொண்டு வந்தது. நாலரை அடி எனக்கு மேசை. பழைய கைமரமே அதற்குக் கால். மிஞ்சிய துண்டு குசினிக்குப் போனது. உம்மா அதில்தான் இப்போது ரொட்டிக்கு மாக் குழைக்கிறார்.

மறுபக்கத்தையும் சீவிவிடவா என்று ஓடாவி கேட்டார். வேண்டாம் என்றேன். குறுக்குச் சட்டங்கள் அந்தப் பக்கத்தில் இருப்பதால் அதுதான் அடியில் வரவேண்டும். கணக்கு அப்படியே மேசைக்குக் கீழே இருக்கிறது. தரையில் மல்லாந்து படுத்தால் வாசிக்கலாம்.

உம்மம்மாவைப் பூட்டியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தே அவர் உம்மாவைப் படிக்க அனுப்பிவிட்டார். உம்மாவுக்குக் கிடைக்காத உயர்தரம் என் கையில் இருக்கிறது.

சுபஹு தொழுதுவிட்டு நான் படிக்க உட்காரும்போது, உம்மம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைப்பார். நேற்று மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கால் ஒண்டு ஆடுது, ஓடாவியக் கூப்பிடச் சொல்லு" என்றார். பிறகு என் அறைக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.